சிலோன் டீ: பெயரும் சின்னமும் யாருடையவை?

கண்டியிலிருந்து கலஹா வழியாகத் தெல்தோட்டைக்கு வருபவர்களில் பலர் அந்த ஊருக்காக மட்டும் வருவதில்லை. அவர்கள் தேடி வருவது அங்கிருந்து இன்னும் மேலே உள்ள லூல்கந்துர தோட்டத்தை. 1867இல் ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் வர்த்தக நோக்கில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது அத்தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலையில். உலகம் 'சிலோன் டீ' என்று அறிந்திருக்கும் பெயர் அங்கேதான் வேர் பிடித்தது. அந்தப் பெயருக்குரிய நாடு 1972இல் தன் பெயரை மாற்றிக்கொண்டது. தேயிலையின் பெயர் மாறவில்லை. அதன்மீது இன்று வாளேந்திய சிங்கம் நிற்கிறது.

ஒரு பொருளின் பெயரும் சின்னமும் யாருக்குச் சொந்தம், அவற்றை மாற்றவோ காக்கவோ யாருக்கு உரிமை என்ற கேள்விக்கு ஒன்றரை நூற்றாண்டாகப் பல பதில்கள் வந்திருக்கின்றன. பதிவு செய்தவருக்கு, பருகுபவருக்கு, நாட்டுக்கு, மண்ணுக்கு, உழைத்தவருக்கு என அவற்றை ஐந்தாக வகுக்கலாம். இக்கட்டுரை அவை எங்கிருந்து எழுந்தன, எங்கே தளர்கின்றன என்று பார்க்கிறது.

## பெயர் உருவான விதம்

தேயிலைக்கு முன் இத்தீவின் அடையாளம் கோப்பி. 1869இல் தென்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்களை அழித்தது. தப்பிப் பிழைக்க வழி தேடிய தோட்டத்துரைமார் டெய்லரின் முயற்சியைப் பின்பற்றினர். 1873இல் லூல்கந்துரவிலிருந்து லண்டனுக்குப் போன முதற் சரக்கு வெறும் 23 இறாத்தல். இருபது ஆண்டுகள் கழித்து, 1893இல் நடந்த சிக்காகோ உலகக் கண்காட்சியில் பத்து இலட்சம் பொட்டலங்கள் விற்றதாகச் சொல்லப்படுகிறது. இடையில் 1890இல் தோமஸ் லிப்டன் இங்கு வந்து தோட்டங்களை வாங்கி, தேயிலையை நடுத்தர வீடுகளின் அன்றாடப் பொருளாக்கினார். 1932இல் தேயிலைப் பிரசார சபை அமைந்தது.

இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'சிலோன்' என்ற பெயரின் மதிப்பு தானாக வளர்ந்ததல்ல. வரியும் விளம்பரமும் கண்காட்சிகளும் திட்டமிட்டு வளர்த்தது அது. அதற்கான பணம் தேயிலையிலிருந்தே எடுக்கப்பட்டது. அந்த வழக்கம் பின்னரும் தொடர்ந்தது. 2010 முதல் ஏற்றுமதியாகும் தேயிலையில் கிலோவுக்கு 3.50 ரூபாய் விளம்பரத்துக்கென அறவிடப்பட்டது.

## முதல் பதில்: பதிவு செய்தவருக்கே

சட்டத்தின் பதில் நேரானது. சின்னம் ஒரு சொத்து. அதைப் பதிந்து வைத்திருப்பவரே உரிமையாளர். 1976இல் தொழிற்படத் தொடங்கிய இலங்கை தேயிலைச் சபை சிங்க இலச்சினையைப் பல நாடுகளில் பதிந்து காத்துவருகிறது. அதை அச்சிட விரும்பும் நிறுவனத்துக்குச் சில நிபந்தனைகள் உண்டு. உள்ளே இருப்பது முழுக்க இலங்கைத் தேயிலையாக இருக்க வேண்டும். நுகர்வோர் வாங்கும் பொதியாக இலங்கையிலேயே பொதியிடப்பட்டிருக்க வேண்டும். சபையின் தர அளவை எட்ட வேண்டும். கண்டி, நுவரெலியா, திம்புள, ஊவா, உடபுசல்லாவ, சப்ரகமுவ, ருஹுணு ஆகிய ஏழு வலயங்களுக்கும் தனித்தனிச் சின்னங்கள் உண்டு. தெல்தோட்டைப் பக்கத்துக் கொழுந்து கண்டி வலயத்தில் சேரும்.

இந்த ஏற்பாட்டின் பயன் பெரிது. பெயரைத் திருடி விற்பவரை நீதிமன்றத்தில் நிறுத்த இதுவே வழி. ஆனால் சின்னத்தை யார் அச்சிடலாம் என்பதைத்தான் சட்டம் சொல்கிறது. மக்கள் அதை ஏன் மதிக்கிறார்கள் என்பதற்கு அதனிடம் விடை இல்லை. சபையின் ஆங்கிலப் பெயரில் 'ஸ்ரீ லங்கா' இருக்கிறது. சபை காக்கும் பொருளின் பெயரில் 'சிலோன்' இருக்கிறது. தான் விரும்பியதை எல்லாம் செய்யும் வலிமை உரிமையாளருக்கும் இல்லை என்பதை இந்த முரணே காட்டுகிறது.

## இரண்டாவது பதில்: பருகுபவருக்கே

பெயரை நடைமுறையில் காப்பவர் நுகர்வோர் என்பது வணிக உலகம் பட்டுக் கற்ற பாடம். 1985 ஏப்ரலில் கொக்கா கோலா தன் சுவையை மாற்றியது. எதிர்ப்பு தாங்காமல் ஜூலையில் பழைய சுவைக்கே திரும்பியது. 2010இல் கேப் என்ற ஆடை நிறுவனம் அறிமுகப்படுத்திய புதிய சின்னம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

இந்தப் பிணைப்பு மிகக் கூர்மையாக வெளிப்படும் இடம் கேளிக்கைப் பூங்கா. அங்கே விற்கப்படுவது கையில் எடுத்துப் போகும் பொருள் அல்ல, நினைவு. 1982இல் புளோரிடாவில் திறக்கப்பட்ட, டிஸ்னி நிறுவனத்தின் எப்கொட் பூங்காவின் பெயரும் வடிவமும் பலமுறை மாறின. ஒவ்வொரு முறையும் பழைய ரசிகர்கள் ஆரம்பகாலச் சின்னத்தையே அளவுகோலாக வைத்துப் புதியதை எடைபோட்டனர். 2019இல் வெளியான புதிய சின்னம் அந்தப் பழைய எழுத்துருவின் சாயலுக்கே திரும்பியது. 1992இல் பாரிஸ் அருகே 'யூரோ டிஸ்னி' என்று திறக்கப்பட்ட பூங்கா, 1994இல் 'டிஸ்னிலாண்ட் பாரிஸ்' ஆனது. 'யூரோ' என்ற சொல் ஐரோப்பியருக்கு வியாபாரத்தையும் பணத்தையும் நினைவூட்டியது என்று டிஸ்னியின் அப்போதைய தலைவர் மைக்கேல் ஐஸ்னர் பின்னாளில் விளக்கினார். நமக்குப் பக்கத்தில், கொச்சியின் 'வீகாலாண்ட்' பின்னர் 'வொண்டர்லா' ஆன பிறகும் பழைய பெயரைச் சொல்பவர்கள் குறையவில்லை.

'சிலோன்' என்ற சொல்லுக்கும் அப்படிப்பட்ட ரசிகர்கள் உண்டு. ரேடியோ சிலோன் 1967இல் கூட்டுத்தாபனமானது. 1972இல் பெயரிலிருந்த 'சிலோன்' நீங்கியது. தமிழ்நாட்டு நேயர்களுக்கோ அது கடைசிவரை 'சிலோன் ரேடியோ'தான். ஈராக்கிலும் அதைச் சூழ்ந்த அரபு நாடுகளிலும் தேநீர் பருகுபவர்களுக்கு 'சிலோன்' என்பது ஒரு நாட்டின் பெயர் என்பதைவிட ஒரு தரத்தின் பெயர். உற்பத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஏற்றுமதியாகும் பொருளுக்கு அவர்களுடைய பழக்கம் சிறிய விடயமல்ல.

இந்தப் பதிலின் குறை, ரசிகரின் பற்று எதன்மீது என்று அது கேட்பதில்லை. டிஸ்னியின் 'ஸ்பிளாஷ் மவுண்டன்' சவாரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கறுப்பின மக்களைச் சித்திரித்த விதத்துக்காகக் கண்டிக்கப்பட்ட 1946ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றைத் தழுவியது அது. அதன் கதையை மாற்றப்போவதாக 2020இல் அறிவித்தபோது ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தனர். ஒரு சாராருக்கு அது தம் குழந்தைப் பருவத்தின் இழப்பு. மறுசாராருக்கு அது தம் முன்னோர்மீது நிகழ்ந்த அவமதிப்பின் முடிவு. 2024இல் புளோரிடாவில் அது புதிய கதையோடு திறக்கப்பட்டது. இரு சாராரின் உணர்வும் உண்மையானது. ஆனால் இரண்டுக்கும் ஒரே எடை உண்டா என்பதை ரசிகர்களின் எண்ணிக்கையை வைத்துத் தீர்மானிக்க முடியாது. 'சிலோன்' என்ற பெயரைச் சுற்றிய ஏக்கத்துக்கும் இது பொருந்தும். வெள்ளைத் துரையும் பங்களாவும் புல்வெளியும் ஒருவரின் இனிய நினைவாக இருக்கலாம். அதே காலம் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் வாழ்ந்தவரின் நினைவில் வேறு விதமாகப் பதிந்திருக்கிறது.

## மூன்றாவது பதில்: நாட்டுக்கே

1972 மே 22இல் குடியரசு யாப்பு நடைமுறைக்கு வந்தபோது ஆங்கிலத்தில் 'சிலோன்' நீங்கி 'ஸ்ரீ லங்கா' வந்தது. அதே பத்தாண்டில் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. நிலம் நாட்டுக்கு மீண்ட பிறகு பெயர் மட்டும் ஆட்சியாளர் விட்டுச் சென்றதாக இருப்பது ஏன் என்ற கேள்வி இயல்பாக எழுந்தது. 2011 ஜனவரியில், 'சிலோன்' என்ற சொல்லைக் கொண்ட அரச நிறுவனங்களின் பெயர்களை மாற்றும் முடிவை அரசாங்கம் அறிவித்தது. தேயிலையின் பெயரை அது தொடவில்லை. இலங்கை வங்கி ஆங்கிலத்தில் இன்றும் 'பேங்க் ஒப் சிலோன்' என்றே இயங்குகிறது.

தமிழ்நாட்டிலும் இதற்கு நிகருண்டு. 1996இல் மதராஸ் சென்னையானது. உயர் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் ஆங்கிலத்தில் பழைய பெயரையே வைத்திருக்கின்றன. தேசப்பற்று ஒரு பெயரை மாற்றக் கோரலாம். அந்தப் பெயரோடு சம்பாதித்த மதிப்பை இழக்க நிறுவனங்கள் எளிதில் துணிவதில்லை.

நாடு என்ற பதிலுக்குள் இன்னொரு சிக்கலும் உண்டு. எந்த நாடு, யாருடைய நாடு? சிங்கம் இங்கே நடுநிலையான உருவமாக எல்லோராலும் ஏற்கப்பட்டதல்ல. சுதந்திரத்தை ஒட்டித் தேசியக்கொடி பற்றி ஆராய்ந்த குழுவில் செனட்டர் எஸ். நடேசன் முடிவை ஏற்காமல் விலகி நின்றார். சிங்கக் கொடியின் ஓரத்தில் பச்சை, செம்மஞ்சள் பட்டிகள் சேர்க்கப்பட்டு 1951இல் அது ஏற்கப்பட்டது. கொடியில் இருப்பதை ஒத்த வாளேந்திய சிங்கம் தேயிலைப் பொதியில் நிற்கும்போது, வெளிநாட்டு நுகர்வோர் அதைத் தர முத்திரையாக மட்டுமே பார்க்கக்கூடும். கொழுந்து பறிப்பவரின் குடும்பம் அதை எப்படிப் பார்க்கிறது என்பது வேறு கேள்வி. பெருந்தோட்டங்களில் பறிப்பவர்களில் பெரும்பான்மையினர் தமிழர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுடைய முன்னோர் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவராயினர்.

## நான்காவது பதில்: மண்ணுக்கே

பெயரின் உரிமை மண்ணுக்கும் மலைக்கும் உரியது என்பது நான்காவது நிலைப்பாடு. டார்ஜிலிங் தேயிலை இந்தியாவின் முதல் புவிசார் குறியீடாகப் பதியப்பட்டதும், 2011இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் பாதுகாப்பளித்ததும் இந்த வாதத்துக்கு வலுச் சேர்த்தன. இலங்கைக் கறுவா 'சிலோன் சினமன்' என்ற பெயரிலேயே 2022இல் ஐரோப்பியப் பாதுகாப்பைப் பெற்றது.

இலங்கையில் இந்த நிலைப்பாடு கடுமையாகச் சோதிக்கப்பட்டது 'தேயிலைக் கேந்திரம்' பற்றிய விவாதத்தில். பிற நாட்டுத் தேயிலையைத் தாராளமாக இறக்குமதி செய்து, இங்கே கலந்து பொதியிட்டு ஏற்றுமதி செய்ய இடமளிக்க வேண்டும் என்றனர் ஏற்றுமதியாளரில் ஒரு பகுதியினர். உலகச் சந்தையில் பெரும்பாலும் விற்பது கலவைத் தேயிலைதான். அந்த வருமானத்தை வேறு நாடுகளுக்கு ஏன் விட வேண்டும் என்பது அவர்கள் வாதம். டில்மா நிறுவனர் மெரில் ஜே. பெர்னாண்டோ போன்றோர் இதை உறுதியாக எதிர்த்தனர். ஒருமுறை கலந்துவிட்டால் 'சிலோன்' என்ற பெயருக்கு எஞ்சியிருக்கும் ஒரே பலமும் போய்விடும் என்பது அவர்கள் அச்சம்.

மண்ணின் பெயரால் பேசும் வாதம் தரத்தைக் காக்கிறது. அதன் எல்லை வேறிடத்தில் இருக்கிறது. உயரம், மழை, காற்று, பனி என்று சுவையின் காரணங்களை அது பட்டியலிடும்போது, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி எடுக்கும் கை பெரும்பாலும் அப்பட்டியலில் வருவதில்லை.

## ஐந்தாவது பதில்: உழைத்தவருக்கே

ஆகப் பிந்திக் கேட்கத் தொடங்கியதும், ஆகக் குறைவாகச் செவிமடுக்கப்பட்டதும் இந்தப் பதில்தான். பொதிகளிலும் சுவரொட்டிகளிலும் கூடையோடு நிற்கும் பெண்ணின் படம் நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது. அந்தப் படம் எதைக் காட்டுகிறது, எதை விடுகிறது என்பதை நெருங்கிப் பார்க்கலாம். படத்தில் மழை இல்லை. சறுக்கும் மலைச்சரிவு இல்லை. அட்டைக்கடி இல்லை. நிறுவையில் கொழுந்தின் ஈரத்துக்கென்று கழிக்கப்படும் கிலோக்கள் இல்லை. குறித்த அளவு கொழுந்து எடுக்காதவருக்கு அரைநாள் கூலிக்கான 'அரைப்பேர்' போடப்படுவதும் இல்லை. இருப்பது பச்சைச் சரிவும் ஒரு புன்னகையும் மட்டும்.

அதே மக்கள் தம்மை என்ன பெயரால் அழைக்க வேண்டும் என்பதையும் நெடுங்காலம் பிறரே தீர்மானித்தனர். 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு முதல் அவர்கள் 'இந்தியத் தமிழர்'. 1939இல் தோன்றிய இலங்கை இந்தியக் காங்கிரஸ், 1950இல் பெயரிலிருந்த 'இந்திய'வை விட்டு, இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆனது. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே எண்களாகப் பங்கிட முனைந்தது. 1960களில் இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்களும் இளைஞர்களும் எழுத்தாளர்களும் 'மலையகம்' என்ற சொல்லை ஓர் அடையாளமாக எடுத்துச் சென்றனர். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் நாடற்ற நிலை சட்டப்படி முடிவுக்கு வந்தது. 2023இல், தம் முன்னோர் வந்த 200ஆவது ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தபோது அவர்கள் முன்வைத்த பெயர் 'மலையக மக்கள்' என்பதே.

ஆகவே ஒரே மலைகளில் இரண்டு பெயர் வரலாறுகள் அருகருகே நடந்திருக்கின்றன. தேயிலையின் பெயரைக் காக்கச் சபையும் வரியும் வெளிநாட்டுப் பதிவுகளும் இருந்தன. அதைப் பறித்தவர்களின் பெயருக்கு அவர்களே போராட வேண்டியிருந்தது.

இந்த நிலைப்பாட்டுக்கும் கடினமான இடங்கள் உண்டு. இன்று இலங்கைத் தேயிலையின் பெரும்பகுதி தெற்கிலும் சப்ரகமுவவிலும் சிறுதோட்ட உடைமையாளர்களின் காணிகளிலிருந்து வருகிறது. அவர்களில் பெரும்பாலானோர் சிங்களவர். தெல்தோட்டை வட்டாரத்திலேயே தமிழரோடு முஸ்லிம்களும் சிங்களவரும் தேயிலையை அண்டி வாழ்கின்றனர். எனவே 'உழைத்தவர்' என்பது ஒரே சமூகத்தின் பெயரல்ல. மேலும் பெயரில் பங்கு கேட்பது கூலியிலும் காணியிலும் வீட்டிலும் பங்கு கேட்பதற்கு மாற்றாகிவிடக் கூடாது என்று தொழிற்சங்கத் தரப்பில் எழும் எச்சரிக்கையும் நியாயமானதே.

## தோட்டம் காட்சித்தலமாகும்போது

அண்மைக் காலத்தில் இக்கேள்வி புதிய களத்துக்கு வந்திருக்கிறது. தேயிலை நாடு இப்போது தேயிலையை மட்டுமல்ல, தன்னையும் காட்சியாக்கி விற்கிறது. கந்தப்பொளையில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று ஹோட்டலானது. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் துரைமாரின் பங்களாக்கள் உயர்விலை விடுதிகளாயின. கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட தொழிற்சாலை 2001இல் தேயிலை அருங்காட்சியகமானது. லூல்கந்துரவில் டெய்லரின் மரக்குடிலில் எஞ்சிய புகைக்கூண்டும், அவர் அமர்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்த கல் இருக்கையும் பயணிகளுக்குக் காட்டப்படுகின்றன. 2017இல் 150ஆவது ஆண்டு விழா இந்த ஆர்வத்தை மேலும் வளர்த்தது.

இவற்றைக் கேளிக்கைப் பூங்காக்கள் என்று சொல்வது மிகை. ஆயினும் ஒரு பூங்காவுக்குரிய இயல்பு இவற்றிலும் உண்டு. ஒரு கதை தேர்ந்தெடுக்கப்படுகிறது. அதற்கேற்ப இடம் அணிசெய்யப்படுகிறது. பொருந்தாதவை பார்வையிலிருந்து விலக்கப்படுகின்றன. லூல்கந்துரவில் தேர்ந்தெடுக்கப்பட்ட கதை டெய்லருடையது. 1852இல் வந்து, 1892இல் அதே தோட்டத்தில் இறந்து, கண்டி மஹியாவை மயானத்தில் அடக்கமான அவருடைய வாழ்வு சொல்லத்தக்கதே. அவரோடு காடு வெட்டி, குழி தோண்டி, நாற்று நட்டவர்களுக்கு அங்கே அவ்வளவு இடம் இல்லை.

வேறு விதமாகவும் காட்ட முடியும் என்பதற்குக் கண்டி மாவட்டத்திலேயே சான்றுண்டு. கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில், சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் ஒரு லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா (அறை), கூடை, அம்மி, பழைய ஆவணங்கள் என்று அது சொல்வது தேயிலையின் அதே வரலாறுதான். சொல்லும் இடம் பங்களா அல்ல, லயம். அவ்வளவே வேறுபாடு. பெயரைத் தொடாமல் பெயருக்குப் பின்னுள்ள கதையை மாற்ற முடியும் என்பதற்கு இது ஒரு முன்மாதிரி.

## எஞ்சும் கேள்விகள்

ஐந்து பதில்களையும் சேர்த்துப் பார்த்தால் சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். பதிவு செய்தவரின் உரிமை தேவையானது, ஆனால் போதுமானதல்ல. பருகுபவரின் பற்றுதான் 1972இலும் 2011இலும் பெயரைக் காப்பாற்றியது எனக் கருதப் போதிய காரணம் உண்டு. நாட்டின் கோரிக்கை நிறுவனப் பெயர்களில் பாதி நிறைவேறியது, தேயிலையிடம் வந்ததும் நின்றது. மண்ணின் வாதம் தரத்தைக் காத்தது. உழைத்தவரின் கோரிக்கை மட்டும் சின்னத்தைப் பற்றிய எந்தப் பெரிய முடிவிலும் இன்னும் உரிய எடை பெறவில்லை.

திறந்தே இருக்கும் கேள்விகளும் உண்டு. 'சிலோன்' என்ற சொல்லை அறிந்த தலைமுறை கடந்த பிறகு அதன் மதிப்பு நிலைக்குமா? கலவைத் தேயிலையின் அழுத்தத்தைத் தூய்மையின் வாதம் எவ்வளவு காலம் தாங்கும்? கொடியோடு ஒத்திருக்கும் ஒரு சின்னம் எல்லாச் சமூகங்களுக்கும் தம்முடையதாக ஆக முடியுமா? இவற்றுக்கு இப்போதே விடை சொல்வது அவசரமாகும்.

'சிலோன் டீ' என்ற பெயரை இன்று கைவிட வேண்டும் என்று வாதிட வலுவான காரணம் தென்படவில்லை. அதில் உழைத்தவர்களின் ஒன்றரை நூற்றாண்டும் சேர்ந்தே இருக்கிறது. அதைக் கைவிட்டால் அவர்கள் சேர்த்த மதிப்பும் கைவிடப்படும். ஆனால் பெயரை வைத்துக்கொள்பவர்களுக்கு ஒரு கடமை உண்டு. இனி ஒரு சின்னம் திருத்தப்படும்போதும், ஒரு விளம்பரம் வரையப்படும்போதும், லூல்கந்துரவில் ஓர் அறிவிப்புப் பலகை நடப்படும்போதும், சபையும் கம்பனிகளும் சுற்றுலாத் துறையும் தெல்தோட்டை லயங்களில் வாழ்பவர்களை அழைத்து அவர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். அந்தக் கதையில் அவர்களுடைய பெயர்களும் எழுதப்பட வேண்டும்.